மகாராஜன் தோற்ற ஆட்டம்

மகாராஜன் தோற்றுக்கொண்டிருந்தான். அதுதான் முதலில் உறுத்தியது.

போடிமெட்டுக்கு மேலே அந்த ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கிற அவனும் பாண்டித்துரையும் இரண்டு வருஷமாகச் செல்போனில் ஆடுகிற சண்டை விளையாட்டு அது. காமிக்ஸ் புத்தகத்து மாவீரர்கள் மோதிக்கொள்வார்கள். மகாராஜனுக்கு நீலச்சிறகு, பாண்டித்துரைக்கு இடிமுட்டி. அங்கே டவர் கிடையாது. ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத்தான் ஆட வேண்டும், இருபது அடி தள்ளிப் போனாலே அறுந்துவிடும். இத்தனை நாளில் இடிமுட்டி ஒரு ரவுண்டுகூட ஜெயித்ததில்லை.

"மாப்ளே, ஒனக்குக் கோவம் மட்டுந்தேன் வருது, கை வெரசா வர மாட்டேங்குதேடா" என்று மகாராஜன் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கண்டால் பாண்டித்துரைக்கு வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்? காய் தரம் பிரிக்க வருகிற சூர்யகலாவை முதலில் பார்த்தது இவன். போன வாரம் பூ வைத்துப் பேசி முடித்தது அவனுக்கு. காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பொறுப்பாளன் என்று முதலாளி நேற்றுக் கைகாட்டியதும் அவனைத்தான். ஒருத்தன் இலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினால் பக்கத்து இலைக்காரன் எதைத் தின்பான்?

மணி ஐந்து. மஞ்சு பனிமூட்டமாய் இறங்கி ஸ்டோர் வாசலை மூடியிருந்தது. பாண்டித்துரை அடுப்பு வாயில் விறகு தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்; சுவருக்கு அந்தப் பக்கம், காய வைக்கும் அறையில், காலையில் தட்டுகளில் பரப்பிய பச்சை ஏலக்காய் வெந்து வாடுகிற வாசனை, இனிப்பும் காரமுமாக வந்து தொண்டையை அடைத்தது. போன் அதிர்ந்தது. மகாராஜன் ஆட்டத்துக்கு அழைத்தான்.

மத்தியான ஜீப்பில் போடிக்கு இறங்கிப் போயிருப்பான் என்றுதான் இவன் நினைத்திருந்தான். போகவில்லையா? பக்கத்து அறையில் படுத்திருக்கிறான் போல. சரி, வாடா.

ஆனால் நீலச்சிறகு பறக்கவில்லை. அடிக்கவும் இல்லை. திரையின் ஓரத்துக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அங்கே இல்லாத ஒரு சுவரை இரண்டு கையாலும் குத்திக்கொண்டே இருந்தது. இடிமுட்டி பின்னாலிருந்து அடித்தது. நீலச்சிறகின் உயிர்க்கோடு பாதியாகக் குறைந்தது. பாண்டித்துரைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வேலை முடித்து லயத்து வீட்டுக்குப் போகிற ஒச்சம்மாள் மஞ்சுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏப்பா, மகாராஜன் எங்க? காலையிலருந்து ஆளையே காணோம்."

"மத்தியான ஜீப்புல போயிட்டான்ல, அத்தே."

"அதுல லோடு மட்டுந்தேன் போச்சு. நாந்தான மூடைய ஏத்திவிட்டேன்."

அவள் போய்விட்டாள். பாண்டித்துரை எழுந்து பக்கத்து அறையை எட்டிப் பார்த்தான். காலி.

காய வைக்கும் அறைக்கு ஒரு முறை உண்டு. அடுப்பு மூட்டுமுன் கதவைச் சாத்துகிறவன் உள்ளே தலையை நீட்டி, "ஆளிருக்கா" என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். தட்டுகளுக்கு நடுவில் யார் குனிந்து காயை நிரவிக்கொண்டிருக்கிறார்களோ, தெரியாது. காலையில் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டபோது பாண்டித்துரை கூப்பிடவில்லை. கோபத்தில் மறந்துவிட்டது. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். மத்தியானம் தட்டுகிற சத்தம் கேட்டபோது விறகு வெடிக்கிறது என்று சொல்லிக்கொண்டான். கதவடியில் கழற்றிக் கிடந்த செருப்பைப் பார்க்கவே இல்லை என்றும் சொல்லிக்கொண்டான்.

செருப்பு அங்கேயே கிடந்தது. புதுசு. பூ வைக்கிற அன்றைக்கு வாங்கியது.

தாழ்ப்பாளில் கை வைத்தான். சுட்டது. உள்ளே சத்தமில்லை.

போனைப் பார்த்தான். நீலச்சிறகுக்கு நகக்கண் அளவு உயிர் மீதி. ஒரே ஒரு குத்து. இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை.

குத்தினான். இடிமுட்டி கையை உயர்த்தியது.

அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளை இழுத்தான்.

அனல் முகத்தில் அறைந்தது. டார்ச் அடித்தான். கதவை ஒட்டி, சுவரில் சாய்ந்து, மகாராஜன். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. தொட்டான். உடம்பு விறைத்திருந்தது. உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அவனுடைய போன் எட்டத்தில் கிடந்தது. பேட்டரி உப்பி, திரை இரண்டாகப் பிளந்து.

பாண்டித்துரையின் கையில் போன் அதிர்ந்தது.

இரண்டாவது ரவுண்டு.

நீலச்சிறகு இந்தத் தடவை பறந்தது. மேலிருந்து விழுந்தது. ஓர் அடி. இன்னோர் அடி. பாண்டித்துரை பொத்தானை அமுக்கினான். அமுக்கி அமுக்கிப் பார்த்தான். இடிமுட்டி மண்டியிட்டது. செத்தும் இவனா? செத்தும் இவன்தானா ஜெயிக்க வேண்டும்?

டார்ச்சைத் தாழ்த்தினான்.

மகாராஜனின் மடியில், வெறும் கைகளில், கட்டைவிரல்கள் இரண்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன.