பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

முதல் நாள் பின்னேரம் அவர்கள் போய்ச் சேர்ந்த மரக்குடிலைப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. ஒரு இரும்பு அடுப்பு, ஆறு படுக்கைகள், எரிந்த விறகும் ஈரக் கம்பளியும் கலந்த வாசம். மொன்றியலில் இருந்து எட்டு மணி நேரம் கிழக்கே காரில் வந்து, பிறகு மூன்று மணி நேரம் ஸ்கீயில் மலையேறிய இந்திராதேவிக்கு அது அரண்மனைதான். சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அடுப்புக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள்.

இந்தப் பயணம் மகள் நிரோஜாவின் வேலை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கலியாணமாகி முப்பது வருஷம் என்று, வழிகாட்டியோடு நாலு நாள் மலைப்பயணத்துக்குப் பதிந்துவிட்டாள். காலையில் ஒரு குடிலை விட்டுக் கிளம்பிப் பின்னேரம் அடுத்த குடிலைப் பிடிக்க வேண்டும். மற்ற வீடுகளில் பிள்ளைகள் சேலை, வேட்டி என்று வாங்கிக் கொடுப்பார்கள். இவள் பனியை வாங்கிக் கொடுத்தாள்! அவளைக் குறை சொல்லவும் முடியாது. அப்பா பேரின்பநாதன் வேலையிடத்து ஆட்களோடு ஸ்கீ பழகி, பத்து வருஷமாகத் தாங்கள் இருக்கும் பியர்பொன்ட்ஸ் பக்கத்துப் பூங்காக்களை உழுதுகொண்டிருப்பவர். மனைவிக்குச் சீனி வருத்தம் வந்த பிறகு அவளையும் இழுத்துக்கொண்டு போனார்.

வழிகாட்டி பிருந்தன் மொன்றியலுக்குப் பக்கத்து லொங்குய்யில் பிறந்து வளர்ந்தவன். முப்பது வயது இருக்கும். பிரெஞ்சில் பொரிந்து தள்ளுவான், தமிழை யோசித்து யோசித்துத்தான் கதைப்பான். சூப்பைக் குடித்து முடித்ததும் அவன் கோப்பையை வைத்துவிட்டு இருவரையும் பார்த்தான்.

“நாளைக்கு மேல பனிப்புகார் மூடும். ஆளை ஆள் தெரியாது. கூப்பிடுறதெண்டா பேர் சொல்லித்தான் கூப்பிடோணும். பதில் சொல்லுற ஆள் தன்ர பேரைத் திருப்பிச் சொல்லோணும். இஞ்ச வேலை செய்யிற எல்லாரும் அப்பிடித்தான்.”

பேரின்பநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். “தம்பி, நல்ல ஆளிட்டைச் சொன்னீர். இவ என்ர பேரைச் சொன்னதே கிடையாது.”

அது பொய்யில்லை. கலியாணத்தன்று அவளுடைய அம்மா காதுக்குள் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். அன்றிலிருந்து அவர் ‘இஞ்சாருங்கோ’. நிரோஜா பிறந்த பிறகு சில நேரம் ‘நிரோஜாவின்ர அப்பா’. கனடாவுக்கு வந்த புதிதில் குடிவரவு அலுவலகத்தில் கணவர் பெயர் என்ன என்று கேட்க, இவள் பேனையும் கடதாசியும் தாருங்கள் என்று கைச்சாடை காட்டினாள். அந்த அதிகாரி இது கள்ளக் கலியாணமோ என்று இரண்டு மணி நேரம் இருத்திவைத்துக் குடைந்தான். வேலை செய்யும் சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில் நாற்பது பிள்ளைகளின் பேரை நாள் முழுக்கக் கத்துகிறவள், ஒரேயொரு பேருக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

“ஏன் தம்பி, பேர் சொல்லாமல் கூப்பிட்டா என்ன?” என்று அவள் கேட்டாள்.

பிருந்தன் சிரிக்கவில்லை. “ஆரும் வரலாம், அன்ரி” என்றான்.

அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் வெயில் கண்ணைப் பறித்தது. இரண்டு சிகரங்களுக்கு நடுவே வழி ஒடுங்குகிற இடத்தில் பிருந்தன் நின்றான். மேலே பனி சரியக்கூடுமா என்று பார்த்துவிட்டு வருகிறேன், இந்த இடத்தை விட்டு அசைய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததுதான் தாமதம், பேரின்பநாதன் நெளியத் தொடங்கினார்.

“ஒண்டுக்குப் போட்டு வாறன். அந்த மரத்தடிக்குத்தான்.”

“அந்தப் பெடியன் அசைய வேண்டாம் எண்டெல்லோ சொன்னவன்?”

“ரெண்டு நிமிஷம்.”

அவர் ஸ்கீயைச் சறுக்கிக்கொண்டு இடப்பக்கம் இறங்கினார். நீலச் சட்டை மரங்களுக்கிடையில் ஒருமுறை தெரிந்தது.

பிறகு மூடுபனி வந்தது.

அது இருட்டை விட மோசமாக இருந்தது. இருட்டில் கண் பழகும். இந்த வெள்ளையில் பழக ஒன்றுமில்லை. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை, தன் ஸ்கீயின் நுனியே தெரியவில்லை. காற்றும் நின்றுவிட்டது. அவள் இருநூறு வரைக்கும் எண்ணினாள். அவர் வரவில்லை.

“இஞ்சாருங்கோ!”

சத்தம் ஒன்றுமில்லை.

“இஞ்சாருங்கோ! கேக்குதே?”

ஒன்றுமில்லை. மூன்றாம் முறை தொண்டை கிழியக் கத்தினாள்.

“ஓம். வாறன்.”

அவர் குரல்தான். ஆனால் வலப்பக்கத்தில் இருந்து வந்தது. அவர் போனது இடப்பக்கம். மூடுபனியில் திசை தடுமாறியிருப்பார் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்தினாள். நீலச் சட்டை வெள்ளைக்குள் இருந்து வெளியே வந்தது. அவர் தொப்பி, அவர் முகம், அவர் மீசை.

“எங்கையப்பா போனீங்கள்? உயிர் போட்டுது எனக்கு!”

அவர் சிரித்தார். வந்து அவளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் கூடப் பக்கத்தில் நின்றார்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். காலையில் இருந்து அவர் மீசையில் பனி உறைந்து நரைத்துப்போய் இருந்தது. இப்போது மீசை கறுப்பாக, காய்ந்து கிடந்தது.

தன் வாயில் இருந்து ஆவி புகையாகப் போவதைப் பார்த்தாள்.

அவர் வாயில் இருந்து ஒன்றும் வரவில்லை.

பின்பக்கம் ஸ்கீ உரசும் சத்தம் கேட்டது. பிருந்தன் பத்தடி தள்ளி நின்றான், கிட்ட வரவில்லை.

“அன்ரி,” மெதுவாகத்தான் கேட்டான், “எப்பிடிக் கூப்பிட்டனீங்கள்?”

“இஞ்சாருங்கோ எண்டுதான்” என்றாள் அவள்.

“அங்கிள், உங்கட பேரைச் சொல்லுங்கோ.”

“களைப்பாக் கிடக்கு. போவம்” என்றார் அவர்.

“பேரைச் சொல்லுங்கோ.”

“களைப்பாக் கிடக்கு. போவம்.”

அதே குரல், அதே இழுவை, அதே சிரிப்பு. அந்த நேரத்தில் இடப்பக்கப் பள்ளத்துக்குள் இருந்து, பஞ்சு அடைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“இந்திரா...”

“அவர் கீழ!” என்றான் பிருந்தன். “அன்ரி, பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ. இப்ப!”

“நீர் கூப்பிடும் தம்பி!”

“நீங்கள் கூப்பிட்டுத்தானே இது வந்தது. நீங்கள்தான் மாத்திக் கூப்பிடோணும்.”

அவள் வாயைத் திறந்தாள். நாக்கு எழும்பவில்லை. ஆயுசு குறையும் என்ற அந்தச் சொல் முப்பது வருஷம் அங்கேயே குந்திக்கொண்டிருந்திருக்கிறது. சொன்னால் அவர் செத்துவிடுவார். சொல்லாவிட்டாலும் அந்தக் குளிருக்குள் செத்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டாள்.

“பேரின்பநாதன்!”

கண்ணைத் திறந்தபோது அந்த முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பேரின்பநாதன்!”

அவள் உதடு அசைய, அதன் உதடும் கூடவே அசைந்தது. சத்தம் இல்லாமல், எழுத்துக் கூட்டிப் பழகுகிற பிள்ளை மாதிரி.

“பேரின்பநாதன்!”

“பேரின்பநாதன்!” என்று பள்ளத்துக்குள் இருந்து பதில் வந்தது. “பேரின்பநாதன்தான்! மரத்தடியில விழுந்திட்டன்!”

பக்கத்தில் யாரும் இல்லை. அது நின்ற இடத்தில் பனி ஒரு துளி கூடக் கலையாமல் கிடந்தது.

மரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் கிடந்த குழிக்குள் அவர் நெஞ்சளவு புதைந்திருந்தார். இருவரும் மண்வெட்டியாலும் கையாலும் வாரி அவரை வெளியே எடுத்தார்கள். உதடு நீலம் பாரித்து, பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அவர் அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

“சொல்லிப்போட்டாய் என்ன?” என்றார். அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அன்று பின்னேரம் குடிலில் அவர் போர்வைக்குள் கண்ணயர்ந்த பிறகு, பிருந்தன் அவளை விறகு அடுக்கியிருந்த பக்கம் கூட்டிப் போனான்.

“நீங்கள் பேர் சொல்லேக்கை அது உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டதோ?”

“என்ர வாயைப் பாத்தது. தானும் சொல்லிப் பாத்தது.”

அவன் கையுறையைக் கழற்றினான், திரும்பவும் போட்டான்.

“இனி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடாதேங்கோ. ஒருக்காலும் வேண்டாம். எங்கையெண்டாலும் வேண்டாம். அப்பதான் உங்கட குரலில அந்தப் பேர் கேட்டா, அது நீங்கள் இல்லை எண்டு அவருக்குத் தெரியும். அவரிட்டையும் சொல்லி வையுங்கோ.”

அவள் சொன்னாள்தான். காரில் வீட்டுக்குத் திரும்பும்போது முழுக் கதையையும் சொன்னாள். பேரின்பநாதன் கேட்டுவிட்டு, குளிரில் மூளை அப்படித்தான் வேலை செய்யும், குழிக்குள் கிடந்தபோது தனக்கும், எப்போதோ செத்துப்போன தமையன் தெரிந்தார் என்று ஒரே போடாகப் போட்டார். அவர் ஒன்றையும் பார்க்கவில்லையே! பள்ளத்துக்குள் கிடந்தவருக்குக் கேட்டதெல்லாம் மனைவி முதன்முதலாகத் தன் பேரைச் சொன்னது மட்டும்தான்.

அதுதான் பிழையாகப் போயிற்று. வீட்டுக்கு வந்ததில் இருந்து மனுஷன் புது மாப்பிள்ளை மாதிரித் திரிந்தார். தேத்தண்ணீர் கொண்டுபோனால், “பேரைச் சொல்லித் தந்தாத்தான் குடிப்பன்” என்றார். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் பகிடி இல்லாமலே கேட்டார். “அந்தக் குளிருக்க நான் உயிரை விட்டிருப்பன், இந்திரா. கண் மூடிட்டுது. நீ கூப்பிட்டபடியாத்தான் திரும்பினனான். இன்னொருக்காக் கேக்கக் கூடாதோ?”

“பேசாமல் சாப்பிடுங்கோ” என்றாள் அவள். அன்று அவர் முகம் விழுந்ததைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் சொல்லவில்லை. உயிர் பெரிதா, ஆசை பெரிதா?

வீட்டுக்கு வந்த பதினோராம் நாள், சனிக்கிழமை மத்தியானம். வெயில் பளிச்சென்று அடித்தது, பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ளிக்கொண்டிருந்தார். பேரின்பநாதன் மேலே செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். இந்திராதேவி நிலக்கீழ் அறையில் துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

உடுப்புக் காயவைக்கும் இயந்திரம் நின்றது. வீடு அமைதியானது.

வெளியே, பின்வளவுப் பக்கம், ஒரு பெண் கூப்பிட்டாள்.

“பேரின்பநாதன்!”

இந்திராதேவியின் கையில் இருந்த துவாய் விழுந்தது. அது அவளுடைய குரல்.

“பேரின்பநாதன்!”

மேலே கதிரை இழுபட்டது. அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது, வாய் நிறைந்த சந்தோஷச் சிரிப்பு.

“அட! கடைசியில வாய் திறந்திட்டியே! இந்தா வாறன்.”

“போகாதேங்கோ!” அவள் படியில் தாவினாள். “அது நானில்லை! இஞ்சாருங்கோ, நான் கீழ நிக்கிறன்!”

பின்கதவு சறுக்கித் திறக்கும் சத்தம் கேட்டது.

மேலே வந்தபோது தொலைக்காட்சி தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தது. திறந்த கதவால் குளிர் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. பனியில் அவருடைய வீட்டுச் செருப்பின் அடையாளங்கள் வேலி வரைக்கும் நேராகப் போயிருந்தன. வேலிக்கு அப்பால் பக்கத்து வளவு தெரியவில்லை, வீடுகள் தெரியவில்லை. முன்பக்கத்தில் வெயில் அப்படியே இருக்க, அந்தப் பக்கம் மட்டும் வெள்ளையாக மூடியிருந்தது.

அவள் வெறுங்காலோடு பனிக்குள் இறங்கினாள். இனிச் சொல்லாமல் இருந்து என்ன பயன்? மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

அவளுக்கு முந்தி, அந்த வெள்ளைக்குள் இருந்து, அவளுடைய குரல் அன்பாகக் கூப்பிட்டது.

அவர் பதில் சொன்னார். அவர் குரல் வேலிக்கு அப்பால் வெகு தூரத்தில் கேட்டது.