போய் வரச் சொன்னவன்

கதவடியில் மறுபடியும் ஈரம்.

சாரதி தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல் குனிந்து தொட்டுப் பார்த்தான். லினோலியத் தரையில் உள்ளங்கையளவு தண்ணீர் தேங்கியிருந்தது. குழாய்த் தண்ணீரின் குளிர் அல்ல அது. விரல் நுனியில் ஏறி எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற குளிர். நார்த்மீட் புறநகரில் அந்த வாரம் ஒரு தூறல்கூட இல்லை. மாடிப்படிகள் காய்ந்து, ஓரங்களில் புழுதி படிந்து கிடந்தன. குளியலறை வீட்டின் மறுகோடியில் இருந்தது. கூரையில் கறை இல்லை. அறைத்தோழன் சிறியின் குடை அலமாரிக்குள் காய்ந்தே இருந்தது. வரைபடத்தைச் சரிபார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகும், பார்க்காத ஏதோ ஒன்று மிச்சமிருப்பதாக அவனுக்குத் தோன்றியது. அவனுக்கு எப்போதுமே அப்படித்தான் தோன்றும்.

பிறகுதான் வாசனை வந்தது. நனைந்த கம்பளி. மெழுகு. மண்ணெண்ணெய் அடுப்பின் புகை.

"குசினிக் குழாயை இறுக்கிப் பூட்டன் மச்சான்," என்று உள்ளேயிருந்து சிறி கத்தினான். "ஒவ்வொரு நாளும் நானே துடைக்கிறது?"

"நான் இப்பத்தான் வர்றேன். குழாய் பக்கமே போகலை."

"அப்ப பேய்தான் வந்து ஒண்டுக்கு இருந்திட்டுப் போயிருக்கு."

சிறி தன் பகிடிக்குத் தானே சிரித்தான். சாரதியால் சிரிக்க முடியவில்லை. அந்த வாசனையைக் கடைசியாக எங்கே முகர்ந்தோம் என்பது அவனுக்குத் தெரியும்.

சிறி யாழ்ப்பாணத்துக்காரன். வெஸ்ட்மீடில் எழும்பிக்கொண்டிருந்த புதிய ஆஸ்பத்திரியில் மின்கம்பி வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்தான். சாரதி திருச்சியிலிருந்து வந்தவன். முழுப்பெயர் பார்த்தசாரதி, பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. இருவரும் சேர்ந்து அந்தச் செங்கல் கட்டடத்தின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் சிறிக்குப் பனிமலை பார்க்கும் ஆசை பிடித்தது. ஆசை சிறிக்கு, பயம் சாரதிக்கு. அதனால் சாரதிதான் தொழிற்கல்லூரியின் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தான்.

பனி எங்கே நிற்கும், எங்கே சரியும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்துச் சரிவில் கொட்டும். அந்தப் பக்கம்தான் ஆபத்து. சரிவதற்கு முன் காலடியில் 'தும்' என்று ஒரு சத்தம் கேட்கலாம். பனி தருகிற எச்சரிக்கை அதுதான். கடைசி வகுப்பில் ஆசிரியர் ஒரு நீண்ட, மெல்லிய இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து காட்டினார். புதைந்தவர்களைத் தேட, வரிசையாக நின்று, பனிக்குள் இதைக் குத்திக் குத்திப் பார்ப்பார்களாம். "ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்," என்றார் அவர். "புதைந்தவனுக்கு மேலே நடப்பவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கும். அவன் எவ்வளவு கத்தினாலும் மேலே கேட்காது." சாரதி அதை மட்டும் குறித்துக்கொள்ளாமல் பேனாவை மூடிவிட்டான்.

மலைக்குப் போனது இரண்டு வாரங்களுக்கு முன்பு. ஜிண்டபைன் என்ற மலையடிவார ஊரைத் தாண்டி, மரமும் தகரமும் கொண்டு கட்டிய ஒரு சிறு குடில். இரவெல்லாம் காற்று கூரையைப் பிய்த்தது. விடிந்தபோது வானம் கழுவித் துடைத்தாற்போல் நீலமாக இருந்தது. எதிர்த்த முகட்டின் விளிம்பில் பனி கூரைத் தாழ்வாரம்போல் வெளியே நீண்டு அந்தரத்தில் தொங்கியது. ஓடையில் தண்ணீர் எடுக்கப் போன சாரதியின் காலடியில், எங்கோ ஆழத்தில், ஒரு பெரிய கதவைச் சாத்தினாற்போல் கேட்டது.

தும்.

அவன் திரும்பி வந்தபோது குடிலுக்குள் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்கள், சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண். மூவருக்கும் அவன் வயதுதான் இருக்கும். சன்னல் வழியாக எதிர்ச் சரிவைக் காட்டி, அதில் ஏறி முகட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னார்கள்.

"சிறி, அந்தச் சரிவு சரியில்லை," என்றான் சாரதி தமிழில். "இப்ப சத்தம் கேட்டுது. சொல்லட்டுமா?"

"நீ ரெண்டு மாசம் வகுப்புக்குப் போனனி. அவங்கள் நடக்கப் பழக முந்திச் சறுக்கப் பழகினவங்கள். சிரிப்பாங்கள்."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"அப்ப சொல்லன், ஆர் மறிச்சது?"

சாரதி ஆங்கிலத்தில் வாக்கியத்தை அடுக்கத் தொடங்கினான். காற்று, சரிவு, சத்தம். கேட்டது தகரக் கூரையின் சத்தமாக இருந்தால்? சரிவின் திசையைத் தான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால்? இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் திருச்சிக்காரன் பனியைப் பற்றிப் பாடம் எடுப்பதா? வாக்கியம் அடுக்கி முடிவதற்குள் அவர்கள் பூட்ஸைக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்கள். வாசல் தாண்டியவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. போகிற நேரத்தில் கெட்ட பேச்சு வாயில் வரவே கூடாது. அவன் வீட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. போகிறவர்களிடம் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது தானாகவே வந்தது.

"கோ அண்ட் கம்."

சிவப்புத் தொப்பிக்காரி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "கோ அண்ட் கம்? நன்றாக இருக்கிறதே. சரி, கட்டாயம் வருவோம்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கையசைத்தாள்.

சாரதியும் சிறியும் மதியமே கீழே இறங்கி ஊர் திரும்பிவிட்டார்கள். திங்கட்கிழமை வானொலியில் செய்தி வந்தது: மலையில் மூவரைக் காணவில்லை, சரிவில் பெரிதாகப் பனி இறங்கியிருக்கிறது, மீண்டும் புயல் என்பதால் தேடலை நிறுத்திவைத்திருக்கிறார்கள். சிறி உடனே போலீசுக்குப் போன் செய்து தாங்கள் பார்த்ததைச் சொன்னான். சாரதி பக்கத்தில் நின்று போன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

கதவடியில் முதல் ஈரம் அன்று மாலைதான்.

அது அங்கேயே நிற்கவில்லை. அடுத்தடுத்த மாலைகளில் நடைவழியின் பாதிக்கு வந்தது. பிறகு கூடத்துக்கு. ஒரு வியாழக்கிழமை அவன் வேலை முடிந்து வந்தபோது, எரிவாயுக் கணப்பின் முன்னால் மூன்று ஈரத் திட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, மூன்று பேர் பூட்ஸோடு நின்று குளிர்காய்ந்துவிட்டுப் போனாற்போல. சிறி இன்னும் வரவில்லை; கணப்பை யாரும் ஏற்றவே இல்லை. ஆனாலும் அடுப்பின் மேல் கெட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. துணியை எடுத்துவந்து துடைத்தான். பிழிந்தபோது விரலில் ஏதோ சிக்கியது.

ஒரு நூல். சிவப்புக் கம்பளி.

அதைச் சிறியிடம் காட்டவில்லை. காட்டினால் என்ன சொல்வான் என்று தெரியும். ஒருவேளை அது தன் போர்வையில் இருந்து வந்திருக்கலாம். அவன் போர்வை பச்சை.

வெள்ளிக்கிழமை சிறி பையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"போலீஸ் கூப்பிட்டிருக்கு மச்சான். நாளைக்குத் திரும்பத் தேடப்போறாங்களாம். அவங்கள் எந்தப் பக்கத்தாலை ஏறினவங்கள் எண்டு ஆராவது வந்து காட்டவேணுமாம்."

"கீழே நின்னு கையால காட்டினா போதும். சரிவுல கால் வைக்காதே. புயலுக்கு அப்புறம் இன்னும் மோசமா இருக்கும்."

"ஓம் வாத்தியார்."

"விளையாடாதே சிறி. எப்படிப் போறே?"

"காணாமல் போனவங்களின்ரை சிநேகிதர் வான் ஒண்டிலை போயினமாம். வாற வழியிலை என்னை ஏத்துறம் எண்டு போனிலை சொன்னவை."

"எத்தனை பேர்?"

"ரெண்டு பெடியனும் ஒரு பெட்டையும். ஏன்?"

சாரதி பதில் சொல்வதற்குள் கீழே ஹாரன் அடித்தது. சிறி பையைத் தோளில் போட்டான். "போட்டு வாறன் மச்சான்." படிகளில் தடதடவென்று இறங்கினான்.

சாரதி சன்னலுக்கு ஓடினான். தெருவிளக்குகள் அப்போதுதான் ஏற்றப்பட்டிருந்தன. வெள்ளை வான் ஒன்று, பக்கக் கதவு திறந்தபடி. உள்ளே இருட்டு. இருட்டில் ஒரு சிவப்புத் தொப்பி. காய்ந்த தார்ச்சாலையில், திறந்த கதவுக்கு நேர் கீழே, தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கறுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது.

படிக்கட்டின் மேல்முனைக்கு வந்து நின்றான். கீழே சிறியின் முதுகு. வாசலைத் தாண்டிவிட்டது. போகாதே. இரண்டு விநாடிகூட ஆகாது அதைச் சொல்ல. வாய் திறந்திருந்தது.

"போயிட்டு வா," என்றான்.

சிறி திரும்பாமலே கையை உயர்த்தினான். வானுக்குள் ஒரு பெண் சிரித்தாள்.

சனிக்கிழமை போன் வரவில்லை. வானொலியும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை சாரதி கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு, கணப்பின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, தெருவில் வருகிற ஒவ்வொரு வண்டியின் ஓசையையும் காதால் பின்தொடர்ந்துகொண்டிருந்தான். சரிவில் ஏறும் லாரியின் முனகல், பக்கத்து வீட்டு நாய், எங்கோ ஒரு தொலைக்காட்சியில் கூட்டம் கைதட்டுவது, குழாயில் தண்ணீர் ஓடுவது. பிறகு லாரி இல்லை. நாய் இல்லை. ஒவ்வொன்றாக அணைந்தன, காதுக்கு மேல் கம்பளியை இழுத்துப் போர்த்தினாற்போல. கணப்பில் நீலச் சுடர் எரிந்தது. அதன் முன்னாலேயே அவன் மூச்சு வெள்ளையாக வந்தது.

படிகளில் பூட்ஸ் சத்தம். ஒருவர் அல்ல. பலர்.

கதவு தட்டப்பட்டது.

"சாரதி! திற மச்சான், வந்திட்டம்!"

சிறியின் குரல். சந்தேகமே இல்லை. சாரதிக்கு அழுகை வந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான். கைப்பிடி திரும்பியது. கதவு வரவில்லை. இரு கைகளாலும் பிடித்து இழுத்தான். சுவரை இழுப்பதுபோல் இருந்தது.

"சிறி! கதவு சிக்கிடுச்சு! தள்ளுடா!"

"ஒரு சத்தமும் இல்லை," என்றான் சிறி வெளியே. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. "ஆளில்லைப் போல. லைட்டும் எரியேல்லை."

விளக்கு அவன் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது.

"நான் உள்ளே இருக்கேன்! சிறி!"

சன்னல். திரையை விலக்கினான். தெரு இல்லை. விளக்கு இல்லை. கண்ணாடி முழுக்க வெள்ளை. மூடுபனி அல்ல. பொடிப் பொடியாக, இறுகி, கண்ணாடியை உள்நோக்கி அழுத்துகிற வெள்ளை. சட்டம் முனகியது.

அப்போதுதான் எல்லாம் வந்தது. குடிலில் அடுக்கி வைத்த வாக்கியம், ஒரு சொல் பிசகாமல். காற்று, சரிவு, சத்தம். ஆங்கிலத்தில் கத்தினான். தமிழில் கத்தினான். போகாதீங்க. அந்தப் பக்கம் ஏறாதீங்க. போகாதே சிறி. கதவைக் குத்திய கைமுட்டி தோலுரிந்தது. இருபத்தாறு வயதுவரை அவன் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.

"கோ அண்ட் கம்," என்றாள் அந்தப் பெண், கதவுக்கு மிக அருகில். அதே சிரிப்பு.

"ஓம்," என்றான் சிறி. "அப்ப போட்டு வாறம்."

பூட்ஸ்கள் நகர்ந்தன. படியிறங்கவில்லை. சத்தம் சுவரோடு ஏறியது. கூரைக்குப் போனது. அந்த மேல்மாடிக்கு மேலே வேறு வீடு கிடையாது. ஆனால் மேலே நடந்தார்கள். வரிசையாக. மெதுவாக. இரண்டடி வைத்து நின்று, மறுபடி இரண்டடி.

சாரதி அண்ணாந்து பார்த்தான்.

கூரைச் சுண்ணாம்பில் ஒரு புள்ளி விரிந்தது. அதிலிருந்து மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று இறங்கி வந்தது. சத்தமில்லாமல். நேராக. அவன் கன்னத்தை உரசினாற்போல் வந்து, தரையைத் தொட்டு நின்றது. அவன் அதை எட்டிப் பிடித்தான். உறைந்த இரும்பில் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. உலுக்கினான். கத்தினான். இன்னும் கத்தினான்.

"இங்கையும் ஒண்டுமில்லை," என்றது சிறியின் குரல், மேலே.

கம்பி அவன் உள்ளங்கைத் தோலைப் பிய்த்துக்கொண்டு மேலே ஏறிப் போனது. துளையில் ஒரு கணம் நீல வானம் தெரிந்தது. பிறகு அதையும் வெள்ளை வந்து அடைத்தது.