பசை காயும் முன்

"நீ ராத்திரி கீழே இறங்கி வந்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லு—"

"நான் எதுக்குக்கா வரணும்? நீங்கதான் வந்திருப்பீங்க, வந்து முடிச்சிட்டு இப்ப என்கிட்டயே—"

"என் மேல திருப்பாதே!"

"திருப்பலக்கா. படுத்தது தெரியும், காலையில நீங்க கதவைத் தட்டினது தெரியும். நடுவுல ஒரு கனவு கூட வரல எனக்கு."

ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அதன் அடியில் நுழைந்த காலை வெயில் மேசைக் கால்கள் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மேசைக்கு மேலே, நிழலில், டைரிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் முடிந்த டைரிகள்.

மாடியில் வீடு, கீழே அச்சகம். கம்பெனிக்காரர்களும் பள்ளிக்கூடங்களும் தங்கள் பெயர் போட்ட டைரி, நோட்டு என்று கட்டுக்கட்டாகக் கேட்டு வருவார்கள். ஆர்டர் எடுப்பது சின்னவளின் புருஷன். எதைக் கேட்டாலும் "நாளைக்கே தந்துடறோம்" என்பான். அதனால் வாடிக்கைக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயரே 'நாளைக்கே'. சொல்வது அவன். முடிப்பது பைண்டிங் மேசையில் உட்காரும் இந்த இரண்டு ஓரகத்திகள்.

நேற்று ஷட்டரை இறக்கும்போது உள்தாள்கள் தைத்து முடிந்திருந்தன, அவ்வளவுதான். அட்டை ஒட்டவே ஆரம்பிக்கவில்லை. ஒட்டினாலும் பாரக்கல்லுக்கு அடியில் ஒரு பகலாவது கிடக்க வேண்டும். பசை காயும் முன் எடுத்தால் அட்டை அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். பெரியவள் மேலே இருந்த டைரியைத் தொட்டாள். காய்ந்திருந்தது. காய்ந்தது மட்டுமல்ல, யாரோ இவ்வளவு நேரம் மடியில் வைத்திருந்ததைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் மூலையைப் பார்த்தாள். பைண்டிங்கில் மூலைதான் கையெழுத்து. பெரியவள் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டித்தான் மடிப்பாள். சின்னவள் வெட்டமாட்டாள், கட்டைவிரலால் கிள்ளி மடக்குவாள். இதில் வெட்டும் இல்லை, கிள்ளலும் இல்லை. விரல் நுனியைச் சதை மூடியிருப்பது போல அட்டை மூலையை மூடியிருந்தது.

"பசைச் சட்டி கழுவினபடியே இருக்குக்கா," என்றாள் சின்னவள். குரல் கரகரத்தது. உதடு வெடித்திருந்தது. எழுந்ததிலிருந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "நாக்கெல்லாம் அட்டையா ஒட்டிக்கிச்சு. ஜுரமோ என்னவோ."

அதற்குள் 'நாளைக்கே' ஷட்டரைத் தூக்கிக்கொண்டு குனிந்து வந்தான். டைரிகளைப் பார்த்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டான்.

"யாரு வேலை இது?"

சின்னவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் தம்பி," என்றாள் பெரியவள்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று அவளுக்கே தெரியாது. இல்லை, தெரியும். போன வாரம் மாடிப்படியில் நின்றபோது இவன் பெண்டாட்டியிடம் சொன்னது காதில் விழுந்திருந்தது. 'அண்ணிக்குக் கை தளர்ந்து போச்சு. பாவம், ஓய்வெடுக்கட்டும். ஜன்னல் மேசையை நீ எடுத்துக்கோ.' ஜன்னல் மேசை, கல்யாணமாகி வந்த புதிதில் அவள் புருஷன் தன் கையால் இழுத்துப் போட்டுக் கொடுத்தது. புருஷன் போய்விட்டான். மேசை இருந்தது. அந்த மேசையில் உட்காரும்வரை இந்த வீட்டில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அது போனால் ஒரு தட்டு சோறும் ஒரு மூலைப் பாயும்தான்.

"அண்ணி, இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்!" அவன் சிரித்தான். "எங்கேயோ ஒளிச்சு வச்சிருந்திருக்கீங்க வேகத்தை!"

சின்னவள் ஓரகத்தியை ஒரு கணம் பார்த்தாள். 'அப்புறம் எதுக்கு என்கிட்ட சண்டை போட்டீங்க' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஆமாங்க, அக்கா கை யாருக்கு வரும்" என்று மட்டும் சொன்னாள். காட்டிக்கொடுத்திருந்தால் பெரியவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அந்த எரிச்சலுக்கு அவள் பொறாமை என்று பெயர் வைத்ததில்லை. நெஞ்செரிச்சல் என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொள்வாள். சின்னவள் வந்த நாளிலிருந்தே மாத்திரைதான். சின்னவளின் பின்னல் முழங்கால் வரை தொங்கும். சந்தன நிறக் கழுத்தில், தாடைக்குக் கீழே, மிளகை ஒட்டி வைத்தது போல ஒரு மச்சம். வருகிறவர்கள் டைரியைப் பார்க்கிற சாக்கில் அந்த மச்சத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஜன்னல் மேசையில் உட்கார்ந்திருந்த பெரியவளிடம், "அம்மா, கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நகருங்க" என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஆர்டருக்கு, பக்கம் அடையாளம் வைக்கும் ரிப்பன் தீர்ந்துபோயிற்று. கறுப்பு ரிப்பன்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"வாங்கிட்டு வந்துதான் மத்ததெல்லாம்," என்று சொல்லி மத்தியானச் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கினாள் பெரியவள். அலுப்பாக இருக்கிறது என்று சின்னவள் உள்ளேயே, காகிதக் கட்டுகளுக்குப் பின்னால், பாயில் படுத்துக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்து ஷட்டரைத் தூக்கியபோது முதலில் வாசனை வந்தது. பசை வாசனை இல்லை. தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள் பக்கத்தில் நின்றால் வரும் ஈர வாசனை. எல்லா டைரியிலும் ரிப்பன் ஏறியிருந்தது. மெல்லியதாக, கறுப்பாக, நெருக்கமாகப் பின்னிய ரிப்பன். பெரியவள் ஒன்றை விரலில் சுற்றிப் பார்த்தாள். அது வழுக்கிக்கொண்டு போயிற்று.

காகிதக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து சின்னவள் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"அக்கா... என் முடி..."

பின்னல் இல்லை. கழுத்துக்கு மேலே, எலி கடித்தது போல ஏற்ற இறக்கமாக நின்றது.

"எங்கக்கா போச்சு? நீங்களா வெட்டினீங்க?"

"எனக்கென்ன பைத்தியமா? ஜுரத்துல நீயே ஏதாவது பண்ணியிருப்பே. போய்ப் படு."

ரிப்பனை விரலிலிருந்து கழற்றாமலேதான் இதைச் சொன்னாள். உள்ளே ஏதோ சில்லிட்டது. அந்தச் சில்லிப்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அவள் அதைக் குனிந்து பார்க்கவில்லை. சின்னவள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அன்றைக்கு மாத்திரை தேவைப்படவில்லை.

"ரிப்பன் பட்டு மாதிரி இருக்காம் அண்ணி! இன்னும் வேணுமாம்!" என்று சாயங்காலம் 'நாளைக்கே' கத்திக்கொண்டே வந்தான். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பெண்டாட்டியின் தலையைப் பார்த்து, "இதென்ன புது ஸ்டைலு?" என்று கேட்டுவிட்டு அவன் அடுத்த ஆர்டருக்கு ஃபோனை எடுத்தான்.

மழை பிடித்த அன்றைக்கு அட்டைத் துணி வரவில்லை. பாலம் மூழ்கி வண்டி அந்தப் பக்கம் நின்றுவிட்டதாம். ஆர்டரோ பெரிய ஆர்டர். சந்தன நிறம், தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும், நாளைக்கே வேண்டும்.

"துணியே இல்லாம அட்டை எப்படிங்க போடறது?" என்றாள் சின்னவள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கன்னமும் ஒட்டிப்போயிருந்தன. மச்சம் மட்டும் அப்படியே இருந்தது.

"உன்னைக் கேட்கலே. அண்ணி, நீங்க சொல்லுங்க. எப்படியாவது பண்ணிடுவீங்கதானே? முடியாதுன்னா வெளியில குடுத்துடறேன். அப்புறம் பைண்டிங்கை வேற மாதிரி யோசிக்கணும்."

வேற மாதிரி. அவன் கண் ஜன்னல் மேசைக்குப் போய் வந்தது.

இப்போது சொல்லிவிடலாம். 'தம்பி, அதெல்லாம் நான் பண்ணலே. யாரு பண்றாங்கன்னு தெரியாது.' அவ்வளவுதான். சொல்லலாம்.

"முடியும் தம்பி."

அவன் வாடிக்கைக்காரரிடம் சொல்லிவிட்டு வர வண்டியை எடுத்துக்கொண்டு மழையில் போனான். பகல்தான், ஆனால் விளக்கு ஏற்றலாம் போல இருட்டியிருந்தது.

"அக்கா, மாடி ஏற முடியல. உள்ளேயே கொஞ்சம் படுத்துக்கறேன். நீங்க ஷட்டரை மூடும்போது எழுப்புங்க, என்ன?"

"ம்."

காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. பெருமூச்சு கேட்டது. பெரியவள் கொஞ்ச நேரம் நின்றாள். தூங்குகிறவளை எதற்கு எழுப்புவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே வந்தாள். ஷட்டரை ஓசைப்படாமல், கடைசி அங்குலம் வரை, இறக்கினாள்.

கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் வாசல்படியில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். சாக்கடைத் தண்ணீரில் காகிதத் துண்டுகள் சுழன்று சுழன்று போய்க்கொண்டிருந்தன. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, மழைக்கு நடுவே, தூரிகை இழுபடும் சத்தம் கேட்டது. ஈரமாக, நீளமாக. பிறகு ஏதோ உரிபடும் சத்தம். துணிச் சுருளிலிருந்து துணியை இழுத்தால் வருவது போல. துணி வரவில்லையே என்று நினைத்தாள். உரிபட்டது நின்றது. மறுபடி ஆரம்பித்தது. நிதானமாக.

யாரும் கத்தவில்லை. அதுதான் அவளை உட்காரவைத்தது. கத்தியிருந்தால் எழுந்திருப்பாள். எழுந்திருப்பாளா?

மடிப்பைத் தேய்க்கும் எலும்புப் பட்டையின் சத்தம் வந்தது. சர். சர். சர். வேகம். அவளால் ஒருநாளும் முடியாத வேகம்.

கூடவே ஒரு முனகல் பாட்டு. சின்னவள் வேலை செய்யும்போது மூக்கால் பாடுவாளே, அந்தப் பாட்டு.

பெரியவள் நிமிர்ந்தாள்.

அப்படியென்றால் இவள்தானா? இவ்வளவு நாளும் ஜுரம், நாக்கு வறட்சி என்று நடித்துவிட்டு, இவள்தான் ராத்திரியில் இறங்கி வந்து... நாளைக்குப் புருஷனைக் கூப்பிட்டு, 'எல்லாம் நான்தாங்க, அக்கா பேர் வாங்கிட்டாங்க' என்று சொல்வதற்கா? எதில் உட்கார்ந்திருக்கிறாள்? வெளிச்சம் ஜன்னல் பக்கம் மட்டும்தானே.

என் மேசையிலா?

நெஞ்சு எரிந்தது. பயம் எல்லாம் அந்த எரிச்சலில் வெந்து போயிற்று. ஷட்டரைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினாள்.

பாட்டு நிற்கவில்லை.

உள்ளே இருட்டு. இரும்பு வாசனை. கால் வழுக்கியது. கை ஊன்றிய இடத்தில் டைரிகள். அடுக்கடுக்காக. சந்தன நிறத்தில். மெத்தென்று. வெதுவெதுப்பாக.

மேலே இருந்ததை எடுத்தாள். அட்டையின் நடுவில் ஏதோ தட்டுப்பட்டது. அழுக்கென்று நினைத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். போகவில்லை. மிளகு மாதிரி. சின்னதாக.

தேய்த்த இடத்தில் மெல்லிய மயிர்கள் சிலிர்த்து எழுந்தன.

அவள் தலையைத் தூக்கினாள்.

ஜன்னல் மேசையில் சின்னவளின் பச்சை நைட்டி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. எலி கடித்த தலை. இரண்டு கைகளும் ஓடிக்கொண்டிருந்தன. மழை வெளிச்சத்தில் அந்தக் கைகளின் நிறம் தெரிந்தது. முழங்கை வரை. விரல் நுனி வரை. ஈரச் சிவப்பு.

கைகள் நின்றன. காலி அட்டை ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தன.

பெரியவளுக்குப் பின்னால் ஷட்டர் தானாக இறங்கத் தொடங்கியது. ஓசைப்படாமல். கடைசி அங்குலம் வரை.

அந்த முதுகு திரும்பவில்லை. எப்போதும் போல, அதே அன்பான குரல்தான்.

"அக்கா, ஒரு அட்டைக்கு மட்டும் பத்தல."