பத்தொன்பதாம் கூண்டு

மும்பை செம்பூர் ஆய்வுக்கூடத்தின் எலி அறைக்குள் மாலதி நுழைந்தபோது காலை மணி ஒன்பது. ஈர மரத்தூள் வாடை மூக்கில் ஏறியது. மூன்று வருஷமாக இதே வாடை, இதே தோல்வி. வயதானால் மந்தமாகிப்போகும் ஒரு நொதியைத் தட்டி எழுப்பும் மருந்து அவளுடையது. அது பலித்தால் கிழட்டு எலிகள் கூண்டுச் சக்கரத்தில் ஏறி ஓட வேண்டும். மருந்து குடித்த இருபதில் ஒன்றாவது அசைகிற பாடில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஏதும் தேறாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள், அவள் வேலையும் போய்விடும்.

கணினியில் சக்கரங்களின் சுற்றுக் கணக்கைப் பார்த்தாள். எல்லாம் பூஜ்யம். பத்தொன்பதாம் கூண்டில் மட்டும் நாலாயிரம்.

"சுடலைக்கண்ணன், பத்தொன்பது ஓடறதே! ஏன் சொல்லலை?"

எலிகளைப் பராமரிக்கும் தாராவிக்காரர் அவர். கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார்.

"அது செத்துப் பத்து நாளாச்சுல்லா மேடம். அன்னைக்கே நோட்டுல எழுதி வச்சேனே."

கூண்டு காலி. சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றியது.

"அப்புறம் எதுக்கு இதுல தண்ணி பாட்டில்?"

"மருந்து லிஸ்ட்ல இருந்து நீங்க அதை அடிச்சுவிடலையே. தெனமும் மருந்துத் தண்ணி வைக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "காலையில காலியாத்தான் கெடக்கு."

எரிச்சல் தலைக்கேறியது. உயிரோடிருக்கிற சனியன்கள் தூங்குகின்றன, செத்தது ஓடுகிறதாம்! ஏசி காற்றாக இருக்கும் என்று விரலால் சக்கரத்தை நிறுத்தினாள்.

சக்கரம் விரலைத் தள்ளியது.

விரல் நுனியில் வெதுவெதுப்பாக மூச்சு பட்டது.

கையை உருவிக்கொண்டாள். "இனிமே இதுக்கு ஒரு சொட்டு வைக்காதீங்கோ."

"தாகத்துல விடக்கூடாது மேடம்..."

"சொன்னதைச் செய்யுங்கோ!"

மறுநாள் காலை தன் மேஜையில் கணக்கைத் திறந்தவளுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. இருபது கூண்டிலும் நாலாயிரம்! சிரித்துக்கொண்டே எலி அறைக்கு ஓடினாள்.

சுடலைக்கண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே போகவில்லை.

பாட்டில்கள் அத்தனையும் வற்றிக் கிடந்தன. மீதிப் பத்தொன்பது எலிகளும் மரத்தூளில் விறைத்துக் கிடந்தன.

இருபது சக்கரங்களும் சுற்றிக்கொண்டிருந்தன.

செல்போன் அடித்தது. டைரக்டர். "கிராஃப் பார்த்தேன், பிரமாதம்! திட்டம் தொடரும். மருந்தை மட்டும் நிறுத்திடாதே மாலதி."

சக்கரங்கள் ஒரே நேரத்தில் நின்றன.

எலி தண்ணீர் குடிக்கும்போது பாட்டில் மூக்கில் வருமே, அந்த டக் டக் சத்தம், இருபது காலி பாட்டில்களிலிருந்தும் கேட்க ஆரம்பித்தது.