மிதவை நின்ற இடம்

மிதவை காற்றுக்கு எதிராக நகர்ந்திருந்தது.

லிஃப்ட்காரன் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். ஏரி நடுவில் அடையாளம் வைக்க என்ன இருக்கிறது, தண்ணீரும் தண்ணீரும்தான். ஆனால் அவன் விட்டுவிட்டுப் போனபோது அந்த வெள்ளை எண்ணெய் கேன் எதிர்க்கரைப் பம்பு அறைக்கு நேராக நின்றது. இப்போது கரையோரத்துப் பட்டுப்போன மரத்தையும் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தது. காற்றோ அவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. மிதவை போக வேண்டுமென்றால் அவனை விட்டு விலகித்தான் போக வேண்டும். இது அவனை நோக்கி வந்திருந்தது.

நகரத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன் அவன். தெருவில் யாரும் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, லிஃப்ட்காரன்தான். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்குகிறவனுக்கு ஒரு நாளாவது தலைக்கு மேல் வானம் வேண்டாமா என்று சொல்லித்தான் இந்தக் கயாக்கை, ஒற்றை ஆள் துடுப்புப் படகை, வாங்கினான். வானம் வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போகலாமே என்றாள் மனைவி. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கசப்பை மாத்திரை மாதிரி சின்னதாக்கிக் கொடுக்கத் தெரியும்.

நங்கூர ஏற்பாடு முழுக்க அவன் கைவேலை. கயாக்கின் இடப்பக்கம், மூக்கிலிருந்து வால்வரை இரண்டு சின்னக் கப்பிகளில் ஒரு கயிறு ஓடும். அந்தக் கயிற்றில் ஓர் இரும்பு வளையம். நங்கூரத்தை இறக்கி, ஆழத்தைப் போல மூன்று மடங்கு கயிறு விட்டு, கயிற்று முனையில் கேனோடு கட்டியிருக்கும் கொக்கியை வளையத்தில் மாட்டி இழுத்தால் வளையம் வாலுக்குப் போய்விடும். படகு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னபடி நிற்கும். பக்கவாட்டில் கட்டினால் போச்சு, ஒரே அலையில் கவிழ்த்துவிடும். பெரிய மீன் மாட்டினால் கொக்கியைக் கழற்றிவிட்டு மீன் பின்னால் போகலாம். நங்கூரம் அடியில் கிடக்கும், கேன் மேலே மிதந்து இடம் காட்டும். திரும்பி வந்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்று காலை அப்படித்தான் ஆயிற்று. தூண்டிலில் ஏதோ பெரிதாக மாட்டியது. கொக்கியைக் கழற்றிவிட்டு, தூண்டில் நரம்பை விட்டுக் கொடுத்து, ஓடவிட்டு, களைக்கவிட்டு, மெல்ல இழுத்துக்கொண்டு வருகையில் நரம்பு அறுந்துபோனது. அந்த எரிச்சலோடு திரும்பியவன்தான் மிதவை இடம் மாறியிருப்பதைப் பார்த்தான்.

நங்கூரம் சேற்றில் பிடி விட்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கேனைப் பிடித்தான். கயிற்றை ஒரு கை இழுத்தான். நின்றுவிட்டான்.

லிஃப்ட் வடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாலே போதும், கூண்டு காலியா, ஆள் ஏறியிருக்கிறதா என்று அவன் சொல்லிவிடுவான். காலிக் கூண்டின் வடம் கட்டைபோல் இருக்கும். ஆள் ஏறிவிட்டால் அதில் ஒரு சின்ன நடுக்கம் வரும். உள்ளே இருப்பவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றால்கூடக் கைக்குத் தெரியும்.

கீழே யாரோ கால் மாறி நின்றார்கள்.

கேனைப் போட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தவன் கரை வரை திரும்பிப் பார்க்கவில்லை.

நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு வந்தேன் என்று மனைவியிடம் சொன்னான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூடத்தில் அவளுடைய பெட்டி தயாராக நின்றது. சந்தின் கடைசி வீடு அது. சமையலறைப் பின்வாசலைத் திறந்தால் நாலு கல்படி, அதற்குக் கீழே ஏரி. துணி காயாது, சுவரில் பூஞ்சை, மருந்துக்கடைக்குப் போக இரண்டு பஸ். அக்கா வீட்டுக்குப் போகிறேன், வர மாட்டேன் என்று அவள் கிளம்பியவள்தான். அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். ஒரு வாரம் பொறு, கயாக்கை விற்றுவிடுகிறேன், வேறு வீடு பார்க்கலாம் என்றான். வாய்ச்சண்டைக்கு நடுவிலும் அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் அந்த ஒரு வாரத்தைக் கொடுத்தாள். ஆனால் பெட்டியைப் பிரிக்கவில்லை.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மிதவை கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்கு அடுத்த காலை கேனில் ஒட்டியிருந்த சிவப்புத் தாள்கூடத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போது அது நகராது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் ஒரு முழம் வந்திருக்கும். நிற்கும். பிறகு ஒரு முழம். நிற்கும். செயற்கை இரையை மீனுக்குக் காட்டி அவனே அப்படித்தான் இழுப்பான், கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, ஆசை காட்டி.

அவன் ஜன்னல் திரையை மூடினான். வெளிச்சம் வேண்டாமா என்று அவள் திறந்தாள். அவன் மறுபடி மூடினான். இதற்கும் ஒரு சண்டை வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து சேற்று வாடை வருகிறது என்று அவள் சொன்னபோது, உனக்கு எல்லாமே நாற்றம்தான் என்று எரிந்து விழுந்தான். வாடை அவனுக்கும் அடித்தது. வெறும் சேறு இல்லை. நாள்பட மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு புழுங்கல். பயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் சிரிப்பாள், அந்தச் சிரிப்பை அக்காவுக்கும் போனில் அனுப்பிவைப்பாள். அதற்கு இது பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டான்.

வாரத்தின் நடுவில் ஏரிக் காவலாளி வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். கண்ட கயிற்றையும் தண்ணீரில் விட்டுவைக்க இது என்ன உங்கள் வீட்டுக் குளியலறையா என்று கேட்டார். பக்கத்து வீடுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. மனைவிக்கு மானம் போய்விட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் நீ, அன்றைக்கு நீங்கள்.

"உங்களால ஒரு டப்பாவ எடுத்து வைக்க முடியலயா? எடுங்க. இல்லன்னா நான் எடுக்கிறேன்."

"நீ தொடாத."

"ஏன், வைரமா கட்டித் தொங்குது?"

நாளைக்கு எடுக்கிறேன் என்றான்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் பின்வாசலுக்கு வெளியே டொக் என்று ஒரு சத்தம். காலி கேன் கல்லில் முட்டும் சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடி டொக். அவள் வேலையிலிருந்து வரவில்லை. அவன் மீன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தான். கடைசிப் படியில், தண்ணீர் விளிம்பில், கேன் அசைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கயிறு கீழே இறங்கவில்லை. ஏரியின் மேல்மட்டத்தை ஒட்டி, நேராக, விறைப்பாக, இருட்டிக்கொண்டிருந்த நடுத்தண்ணீர் வரை போயிற்று. அறுத்துவிடலாம். ஒரே இழுப்பு. ஆனால் அறுக்க வேண்டுமானால் மறு கையால் அதைப் பிடிக்க வேண்டும்.

கை நீண்டது. திரும்பி வந்துவிட்டது.

படியேறிக் கதவைத் தாழிட்டான். அவள் வந்து ஏன் முகம் பேயறைந்த மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். வேலை அதிகம் என்றான். இரவு முழுக்க டொக், டொக் என்று கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் அவன் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழியில் இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. குரலில் பல நாளாக இல்லாத ஓர் உற்சாகம். கயாக்கை வாங்க ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். பிடித்துவிட்டதாம். நங்கூரம், கயிறு எல்லாம் முழுசாக இருந்தால் இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன், ஒரு மணி நேரத்தில் வண்டியோடு வருகிறேன் என்றாராம். கேன்தான் படியிலேயே கிடக்கிறதே, நானே இழுத்து வைக்கிறேன் என்று அவள் சொல்லும்போதே அவன் வேண்டாம் என்று கத்தினான். குழிக்குள் சிக்னல் போய்விட்டது. மேலே ஏறி வந்து போட்டான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கவில்லை.

கருவிப் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான். பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. கண்டக்டர் மேல் எரிந்து விழுந்தான், முன்னால் நின்றவரைத் தள்ளினான், ஏச்சு வாங்கினான். சந்துக்குள் நுழையும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. வாசலில் வண்டி எதுவும் இல்லை. வீட்டில் விளக்கு எரிந்தது.

கூடத்தில் அவள் பெட்டி. மூடி திறந்திருந்தது. துணிகளில் பாதியை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கியிருந்தாள்.

சமையலறையிலிருந்து ஈரச் சத்தம். சளப். சளப்.

பின்வாசல் திறந்து கிடந்தது. வெளியே இருட்டு. தொட்டிக்குள் வெள்ளை கேன், சேறு வடிந்தபடி. அவள் ஒரு ஸ்டூலைப் போட்டு நடுவில் உட்கார்ந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாசல் வழியாக வந்த கயிற்றை இழுத்து இழுத்துத் தன் காலைச் சுற்றியே வளையம் வளையமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் உயரத்துக்கு அடுக்கு ஏறியிருந்தது. புழுங்கல் வாடை மூச்சை அடைத்தது. அவள் நெற்றியில் வியர்வை.

"போனை எடுக்கக் கை எங்க ஒழிஞ்சது? எவ்வளவு கயிறு வாங்கினீங்க நீங்க? இழுக்க இழுக்க வந்துட்டே இருக்கு."

அவன் அடுக்கைப் பார்த்தான். அடியில் நீலம். அவன் வாங்கிய நைலான். நாலைந்து சுற்றுதான். அதற்கு மேல், நங்கூரம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு முடிச்சு. அவன் போடாத முடிச்சு. முடிச்சுக்கு மேல் பழுப்புக் கயிறு. அதற்கு மேல் இன்னொரு முடிச்சு, பச்சை. அதற்கு மேல் கறுத்து, பாசி பிடித்து, இழை இழையாக நைந்து போன ஒன்று. எல்லாம் படகுக் கயிறு. வெவ்வேறு படகு.

"கயித்த விடு."

"வந்ததும் அதிகாரமா? முக்காவாசி நான் இழுத்தாச்சு. வந்து பிடிங்க."

"கீழ ஆள் இருக்கு. கை வெச்சுப் பாத்தேன். ஞாயித்துக்கிழமையே தெரியும். சொல்லல."

அவள் சிரிக்க வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

கயிற்றை விட்டுவிட்டாள். இரண்டு கையும் மடியில்.

கயிறு வந்துகொண்டே இருந்தது.

வாசற்படி மேல் ஏறி. தரையில் நெளிந்து. ஒரு சுற்று. அவள் அடுக்கிய அதே ஒழுங்கில், அடுக்கின் மேல். இன்னொரு சுற்று. யாரும் இழுக்கவில்லை. வெளியே இருந்து, தேவையான அளவு, யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நின்றது.

ஏரியில் அலைச் சத்தம் இல்லை. தவளைச் சத்தம் இல்லை. குழாய் சொட்டுவதுகூட நின்றுபோனது மாதிரி இருந்தது.

"என்ன இது?" அவள் குரல் இறங்கிவிட்டது. "நீ எதுக்கு அப்படிப் பாக்குற?"

"கால வெளிய எடு."

"என்ன?"

"வளையத்துக்குள்ள நிக்காத. கால எடு. குதி."

இத்தனை நாளில் அவன் சொன்ன எதையும் ஒரு கேள்வி கேட்காமல் அவள் செய்ததில்லை. எழுந்தாள். ஆனால் குதிக்கவில்லை. எதற்கு என்று கேட்கும் அதே நெற்றிச் சுருக்கத்தோடு அவனைப் பார்த்து நின்றாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை. அவன் அதைத் தள்ளினான். தட்டு ஒன்று விழுந்து உடைந்தது. அவள் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.

மேல் சுற்று நிமிர்ந்தது.

அவசரமே இல்லாமல் வாசலைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. கறுப்பு போயிற்று. ஒரு சுற்று. ஒரு சுற்று. பச்சை. முடிச்சு வாசற்படியில் தட்டி, தாண்டி, இருட்டுக்குள் போயிற்று. பழுப்பு. வேகம் ஏறியது. தரையிலிருந்து ஈரம் தெறித்தது. அவன் மேசை மேல் ஏறிக் கையை நீட்டினான். விரல்கள் அவள் விரல்களைத் தொட்டன. சில்லென்று, வழுக்கலாக.

நீலம்.

அவள் இடது கணுக்காலைச் சுற்றி வளையம் சிறுத்துக்கொண்டிருந்தது. அவள் கீழே பார்க்கவில்லை. திறந்திருந்த பின்வாசலையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பதுபோல, வாய் திறந்தபடி.