பச்சைத் தாள்

காலையில் மாத்திரையை விழுங்கியதும் செலஸ்டின் வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். அவர் மனைவி ஃப்ளோரா டார்ச் அடித்து, நாக்குக்கு அடியிலும் பார்த்த பிறகுதான் காப்பி. கல்யாணமான புதிதில் தொடங்கிய கூத்து இது.

"ஏழு கழுத வயசாவுது. இன்னும் என்மேல நம்பிக்க வரலியாக்கும்?"

"கன்னத்துல அதக்கிவச்சுத் துப்புன ஆளுதான நீங்க?"

அடுத்தது நிறத்தாள். சிறுநீரில் நனைத்ததும் பச்சையானால் சிறுநீரகம் சுகம், மஞ்சளானால் கேடு. அந்தக் கடற்கரைத் தெருவில் எல்லோரும் அன்றன்றைய தாளை வாசல் நிலையில் ஒட்டிவைப்பார்கள். பழைய மின்கலங்களின் ஈயமும் பாதரசமும் நிலத்தடி நீரில் இறங்கி, எந்த வடிகட்டிக்கும் அடங்காமல் போய்விட்ட காலம். மாத்திரையில் இருக்கும் உலோகப் பிணைப்பி அந்த விஷத்தைச் சிறுநீரகத்தில் தங்கவிடாமல் கிளப்பிவிடும். செலஸ்டினுக்கு ஒருநாளும் மஞ்சள் வந்ததில்லை. ஃப்ளோராவுக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு.

"இதத் தின்னா தலைக்குள்ள எறும்பு ஊருதுட்டி" என்று அவர் எப்போதும் புலம்புவார். சாக்குச் சொல்கிறார் என்று அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படகு எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவர், ஒருநாள் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அது எதற்கு என்று கேட்டபோதுதான் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"கிட்னி சின்னப்பிள்ளைக்கு இருக்கற மாதிரி இருக்கும்மா" என்றார் டாக்டர் ரஹ்மத். "ஆனா மாத்திரை கிளப்புன விஷமெல்லாம் வெளிய போகல. சில பேருக்கு அது மூளைக்கு ஏறிடுது."

"மாத்திரைய நிறுத்திட்டா?"

"மேல ஏறாது. மறதியும் கொஞ்சம் கொஞ்சமா விலகலாம். ஆனா கிட்னி ரெண்டு மூணு வருஷம்தான் தாங்கும். டயாலிசிஸுக்கும் இதே தண்ணிதானே."

அன்று சாயங்காலம் செலஸ்டின் தெளிவாக இருந்தார். ஃப்ளோரா எதையும் மறைக்கவில்லை.

"நீ யாருன்னே தெரியாம கெடந்து என்னத்துக்குட்டி? நிறுத்திரு" என்றார்.

விடிந்ததும் அவருக்கு அந்தப் பேச்சே நினைவில்லை. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"மாத்திரை எங்க, நர்ஸம்மா?"

 ஃப்ளோரா மாத்திரை டப்பாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடியும் எடுத்தாள். கடைசியில் கருப்பட்டியில் ஒரு துணுக்கை உடைத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதை விழுங்கிவிட்டு, யாரும் சொல்லாமலே வாயைத் திறந்து நாக்கை நீட்டினார். அவளை மறந்திருந்தார், இதை மறக்கவில்லை. நானே அல்லவா ஊட்டினேன், துப்பவும் விடாமல் ஊட்டினேனே என்று மனம் அரற்ற, வழக்கம்போல் டார்ச் அடித்து நாக்குக்கு அடியிலும் பார்த்தாள்.

அதன்பின் தினமும் கருப்பட்டிதான். தாளில் பச்சை வெளுத்துக்கொண்டே வந்து, ஒரு காலையில் முழு மஞ்சளாகிவிட்டது. தெரு முழுக்கப் பச்சை ஒட்டியிருக்கும்போது இதை எப்படி ஒட்டுவது என்று கொஞ்சநேரம் தயங்கினாள். பிறகு ஒட்டினாள்.

காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்த செலஸ்டின் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மஞ்சளாயிட்டே, ஃப்ளோரா" என்றார்.

அவர் வாயால் தன் பெயரைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.