ஏறட்டோ?

கிளச்சை மிதித்தால் அடங்கவேண்டிய சத்தம் அடங்கவில்லை. மிதித்தபோது அது இன்னும் கிட்டவந்து, பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று குரலைத் தணித்துக் கதைப்பவர்களைப்போலத் தொடர்ந்தது.

லெனாட்டுக்கு இது பிடிக்கவில்லை. குருநகரில் மெக்கானிக்கான அவனுடைய காதுக்கு ஒரு மரியாதை இருந்தது. தீவுக்குப் போகும் பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறுகிற இரைச்சலை வீட்டிலிருந்து கேட்டே, கியரில் எத்தனையாவது பல் உடைந்திருக்கிறதென்று சொல்லிவிடுவான். ஒரேயொரு முறைதான் கணிப்புப் பிழைத்தது. அன்று உடைந்திருந்தது சாரதியின் பல்.

அப்படிப்பட்டவன் ஆறு மாதம் மினக்கெட்டு, ஐம்பத்தாறாம் ஆண்டுக் கார் ஒன்றை எழுப்பி நிறுத்தியிருந்தான். மகள் றொசாந்திக்கு நாளைக்குக் கலியாணம். கோயிலுக்கு அவளை அந்தக் காரில் தானே ஏற்றிக்கொண்டு போவதென்று, குளிரூட்டிய வான் பிடித்துத் தருகிறோம் என்று வந்த சம்பந்தி வீட்டாரையும் திருப்பி அனுப்பியிருந்தான். கியர்ப்பெட்டிக்குப் பற்சில்லுகள் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. சண்டிலிப்பாயில் கனகரத்தினம் என்பவரின் புகையிலைக் கொட்டிலுக்குள் முப்பது வருடமாகக் கிடந்த அதே வகைக் காரிலிருந்து கழற்றி வந்து பூட்டினான்.

நடுப்பகல். பரவைக்கடல் பக்கமிருந்து காற்றே இல்லை; காய்கிற வலைகளின் வெடுக்கும் கியர் எண்ணெயின் கந்தக நாற்றமும் கொட்டகைத் தகரத்தின்கீழ் கலந்து, வெளியே போக வழி தெரியாமல் நின்றன. பின் அச்சுக்குக் கல் முட்டுக்கொடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, மூன்றாவது கியரைப் போட்டுவிட்டு, லெனாட் சாக்கை விரித்துக் காருக்குக் கீழே போனான். நீட்டுத் திருப்புளியின் நுனியைக் கியர்ப்பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்தான்.

முதலில் பற்கள் கடிபடும் ஓசை. சரியான ஓசை. அதன் அடியில் பெயாரிங்கின் சீரான இரைச்சல். அதற்கும் அடியில், வெகு தூரத்தில், மழைக்குள் ஏராளம் கால்கள் சேற்றை உழக்கிக்கொண்டு நடப்பதுபோல ஒன்று. அதிலிருந்து ஏதோ பிரிந்து அவனிடம் வந்தது. கேள்விபோல முடிந்தது.

"...றட்டோ?"

லெனாட்டுக்கு ஒரு பழக்கம்: காதில் எது விழுந்தாலும், கேட்கிறேன் என்பதற்கு அடையாளமாக "ஓம்" என்பான். பூசையில் பிரசங்கத்துக்கு நடுவிலும் சொல்லிச் சுவாமியாரிடம் ஏச்சு வாங்கியவன்.

"ஓம்," என்றான்.

கார் தாழ்ந்தது. ஒரு விரற்கடை. பின் ஆசனத்தில் ஓராள் ஏறி உட்கார்ந்தால் வில்லுத்தகடு நெரியுமே, அப்படி நெரிந்து, மூக்குக்கு மேலே இருந்த இரும்பு மூக்குக்குக் கிட்ட வந்தது.

வெளியே ஊர்ந்து வந்து பார்த்தான். உள்ளே ஒருவருமில்லை. பின் ஆசனத்துப் புது றெக்சின் மட்டும் யன்னலோரம் குழிந்திருந்தது. புதுத் தகடு இறுகுகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நாளைக்குக் கலியாணம், சத்தத்தைப் பிடிக்காமல் விட ஏலாது. திரும்பவும் கீழே போனான். திருப்புளி. காது.

"ஏறட்டோ?"

இப்போது தெளிவாக. ஒரு கிழவியின் குரல். அதை ஒட்டி இன்னொன்று, இளைப்போடு:

"நானும் ஏறட்டோ?"

லெனாட் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

குசினிக்குள்ளிருந்து மனைவி மக்டலீன் கத்தினாள்: "இஞ்சாருங்கோ, சோறு ஆறுது! சாப்பிட வாறியளோ, உந்தக் காரைத்தான் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கப் போறியளோ?"

"ஓம், ஓம்!"

வாய் முந்திவிட்டது.

இரண்டு விரற்கடை. ஒன்றன்பின் ஒன்றாக. மூக்குத் தோல் உரிந்தது.

எப்படியோ வெளியே வந்தான். எஞ்சினை நிறுத்தினான். சாவியை உருவிக் கையில் எடுத்தான். சில்லுகள் நின்றன, சத்தம் நிற்கவில்லை. கனகரத்தினத்துக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, உங்கடை பற்சில்லு கதைக்குது."

"பழசெல்லே தம்பி. கதைக்கும்தான்."

"ஏறட்டோ எண்டு கேக்குது அண்ணை."

மறுமுனையில் கனகரத்தினம் கதவைச் சாத்துவது கேட்டது.

"தொண்ணூற்றைஞ்சிலை சண்டைக்குப் பயந்து ஊரே நடையிலை வெளிக்கிட்ட அண்டைக்கு, அந்தக் காரிலை நான் தனியத்தான் போனனான். வழி முழுக்கச் சனம் அதைத்தான் கேட்டது. நான் கண்ணாடியை உயர்த்திப்போட்டன்." கிழவர் தொண்டையைச் செருமினார். "நீர் ஓம் எண்டு சொல்லேல்லைத்தானே?"

லெனாட் போனை வைத்தான். வான். ஏதாவதொரு வான். மகள் இதில் ஏறக்கூடாது.

திரும்பினான். றொசாந்தி காரின் பின்கதவைத் திறந்துகொண்டு நின்றாள். கையில் வெள்ளைச் சோடினை நாடா.

"பிள்ளை, ஏறாதை!"

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அப்பா, உவை மாப்பிளை வீட்டு ஆக்களோ? சொல்லவேயில்லை." பிறகு உள்ளே பார்த்து, மரியாதையாக: "கொஞ்சம் அரக்கி இருங்கோவன்."

றெக்சின் கிறீச்சிட்டது. மூன்று குழிகள் நகர்ந்தன. இடம் வந்தது.

அவள் ஏறி இருந்தாள். கார் தாழவில்லை.

ஓடினான். கதவு உள்ளிருந்து சாத்துப்பட்டது. இழுத்தான். குத்தினான். சத்தம் நின்றுவிட்டிருந்தது. ஒரு துளி சத்தமில்லை. தகரம் கொதிக்கிற அந்த வெக்கையில் யன்னல் கண்ணாடி உட்புறமாக வெளுத்தது. மூச்சு. ஒன்று. இரண்டு. மூன்று.

றொசாந்தி மூக்கு முட்டக் கண்ணாடியில் சாய்ந்து அவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வாய்க்கு நேரே மட்டும் கண்ணாடி வெளுக்கவேயில்லை.